வெள்ளி இரவில் மலையிறங்கும் வேன்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வார இறுதியிலும், பௌர்ணமி விடுமுறையான போயாவோடு சேர்ந்து வரும் நீண்ட விடுமுறைகளிலும், மலையக இளைஞர்கள் நண்பர் குழுக்களாக வேன் பிடித்துக்கொண்டு நிலாவெளிக்கும் பாசிக்குடாவுக்கும் அறுகம்பேக்கும் யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்கும் போய்வருவது இன்று வழக்கமாகிவிட்டது. வீதி விபத்தோ கடலில் மூழ்கிய செய்தியோ பத்திரிகையில் வரும் ஒவ்வொரு முறையும், இந்தப் பிள்ளைகளுக்கு இந்த ஊர் சுற்றல் எதற்கு என்ற பேச்சும் கூடவே எழுகிறது. ஹட்டன், கொட்டகலைப் பக்கத்தில் வாகனத் திருத்துமிடங்களில் வேலை பார்த்து, வேன்களையும் அவற்றின் சாரதிகளையும் நெருங்கி அறிந்தவன் என்ற முறையில், இந்தப் பேச்சுக்கு ஒரு மறுப்பையும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோளையும் தங்கள் பத்திரிகை வாயிலாக முன்வைக்க விரும்புகிறேன். அவர்கள் பயணம் போகட்டும். ஆனால் வெள்ளிக்கிழமை இரவில் புறப்பட்டு ஞாயிற்றுக்கிழமை இரவில் திரும்பும் இந்த முறையும், சாரதியின் உறக்கத்தை யாருமே கணக்கில் எடுக்காத இந்தப் பழக்கமும் மாற வேண்டும்.

முதலில் மறுப்பைச் சொல்லிவிடுகிறேன். 2023இல் மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்த 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்தோம். அந்த மூதாதையர் கடலைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். அதற்குப் பின் எத்தனையோ தலைமுறைகள் தோட்டத்து எல்லையைத் தாண்டாமலேயே வாழ்ந்து முடிந்தன. கடலைக் கண்ணால் காணாமலே கண் மூடிய பாட்டிமாரும் தாத்தாமாரும் நம் லயன்களில் இருந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கொழும்பில் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் உழைத்துச் சேர்த்த பணத்தில், தோழர்களோடு நயினாதீவுக்குப் படகேறுவதையும், நெடுந்தீவில் பவளக்கல் மதில்களுக்கு அப்பால் மேயும் குதிரைகளைப் பார்த்து நிற்பதையும் வீண் செலவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தாம் பிறந்த நாட்டின் நாலா திசையையும் பார்க்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. பெண் பிள்ளைகள் தமக்குள் ஒரு குழுவாகச் சேர்ந்து புறப்படுவதும் அண்மைக்காலத்தில் தொடங்கியிருக்கிறது. விபத்துகளைக் காரணம் காட்டி முதலில் மறிக்கப்படுவது அவர்களுடைய பயணம்தான் என்பதாலும் இந்த விடயத்தைத் தெளிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

இனி அந்த வேனின் சாரதியைப் பற்றி எழுதுகிறேன். எங்கள் பகுதியில் சுற்றுலாவுக்கு வாடகைக்குப் போகும் வேன்களில் பல, வார நாட்களில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்குபவை. அவற்றின் சாரதி வெள்ளிக்கிழமை அதிகாலை நான்கரை மணிக்கு எழுந்து, பனிக்குள் வண்டியைக் கிளப்பி, தோட்டம் தோட்டமாகப் பிள்ளைகளை ஏற்றிப் பாடசாலையில் விடுகிறார். இடையில் ஆஸ்பத்திரிக்கோ கச்சேரிக்கோ ஒரு சவாரி கிடைத்தால் அதையும் விடுவதில்லை. பிற்பகலில் பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். மாலையில் வேனைக் கழுவி, டீசல் அடித்து, ஒலிபெருக்கிப் பெட்டியைப் பொருத்தி, இரவு ஒன்பது மணிக்கு நண்பர்கள் காத்திருக்கும் சந்திக்கு வந்துவிடுகிறார். வண்டி புறப்படும்போதே அவர் விழித்து பதினாறு மணிநேரத்துக்கு மேலாகிவிட்டது. நாவலப்பிட்டி, கம்பளை, கண்டி, மாத்தளை, தம்புள்ளை என்று போய் ஹபரணையைத் தொடும்போது நள்ளிரவு தாண்டி வெகுநேரம் ஆகியிருக்கும். ஹபரணைக்கும் திருகோணமலைக்கும் இடையிலான காட்டு வீதியில் யானைகள் குறுக்கே வரும் நேரமும் அதுவே. பின்னால் இருப்பவர்கள் பாடிக் களைத்து, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து உறங்கிவிடுவார்கள். முன் ஆசனத்தில், சாரதியோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டு வருவதாகப் பொறுப்பேற்றவரும் தம்புள்ளைக்கு முன்பே கண்ணயர்ந்துவிடுவது பெரும்பாலும் நடக்கிற காரியம்.

தொடர்ந்து பதினேழு மணிநேரம் உறங்காமல் இருப்பவரின் கவனமும் கைவேகமும், இரத்தத்தில் 0.05 சதவீத மது உள்ளவரின் நிலைக்கு ஒப்பாகக் குறைந்துவிடுகின்றன என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. அதிகாலை இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை மனித உடல் இயல்பாகவே உறக்கத்தைக் கேட்கும் நேரம். அந்த நேரத்தில் கண் திறந்திருக்கும்போதே மூளை சில வினாடிகள் உறங்கிப்போகும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வேன் மூன்று வினாடியில் 50 மீற்றர் கடந்துவிடும். மலைப்பாதையில் ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் இடையில் பல இடங்களில் அவ்வளவு தூரம்கூடக் கிடையாது. மது அருந்திய சாரதியின் வேனில் ஏற மாட்டோம் என்று உறுதியாகச் சொல்லும் நம் இளைஞர்கள், ஒரு பகலும் ஒரு இரவும் உறங்காத சாரதியின் வேனில் எந்தத் தயக்கமுமின்றி ஏறுகிறார்கள். அவர் குடிப்பதில்லை, நல்ல மனிதர், நெடுநாள் பழக்கம் என்பதே அவர்களுக்குப் போதுமானதாக இருக்கிறது. அவர் நல்ல மனிதர் என்பதில் எனக்கும் ஐயமில்லை. உறக்கம் நல்லவர் கெட்டவர் பார்த்து வருவதில்லை.

போய்ச் சேர்ந்த இடத்தில் அவருக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். நிலாவெளியில் ஒரு விடுதி வாசலில் நான் பார்த்த காட்சியை அப்படியே எழுதுகிறேன். காலை பத்து மணி வெயில். வேனின் பக்கக் கதவு திறந்து கிடக்கிறது. நடு ஆசனத்தில் முழங்காலை மடித்து, முகத்தில் துவாயைப் போட்டுக்கொண்டு சாரதி படுத்திருக்கிறார். முன் கண்ணாடிக்குக் கீழே ஒரு தகரமூடியில் நுளம்புச் சுருள் புகைந்து சாம்பலாகிக் கிடக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் வந்து, தன் பையை எடுக்க, தொலைபேசிக்கு மின்னேற்ற, பாட்டைப் போட என்று அவரை எழுப்புகிறார். அவரும் முகம் சுளிக்காமல் எழுந்து சாவியைக் கொடுத்துவிட்டு மறுபடி படுக்கிறார். அன்று பிற்பகல் அவரே அவர்களைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் கோணேஸ்வரத்துக்கும் ஏற்றிச் சென்றிருப்பார். மறுநாள் மாலை திரும்பும் பயணத்தையும் அவரே ஓட்டியிருப்பார். அந்த விடுதியில் சாரதிக்கென்று அறை இருக்கவில்லை. இருக்கிறதா என்று யாரும் கேட்டதாகவும் தெரியவில்லை.

செலவுதான் காரணம் என்று சொல்வார்கள். தோட்டத்தில் நாட்சம்பளம் வாங்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு ஓர் இரவு விடுதி வாடகை பெருந்தொகை என்பதை நான் அறிவேன். வெள்ளி இரவில் புறப்படுவதன் முழுக் காரணமே ஓர் இரவு வாடகையை மிச்சம் பிடிப்பதுதான். ஆயினும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். சாரதிக்கு மின்விசிறியோடு ஒரு சிறு அறை 3,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வேனில் போகும் பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கு 250 ரூபாய் வருகிறது. வழியில் வாங்கும் குளிர்பானத்துக்கும் நொறுக்குத் தீனிக்கும் அதைவிட அதிகமாகவே ஒவ்வொருவரும் செலவிடுகிறார்கள். விடுதிக்குத் தொலைபேசியில் பேசும்போது, நீச்சல் தடாகம் உண்டா என்று கேட்பதற்கு முன் சாரதிக்கு அறை உண்டா என்று கேளுங்கள். பத்துக் குழுக்கள் தொடர்ந்து கேட்டால், பதினோராவது குழு வரும்போது விடுதிக்காரர் ஓர் அறையைக் கட்டாயம் ஒதுக்கி வைத்திருப்பார்.

உறக்கம் ஒருபுறமிருக்க, வண்டியின் நிலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் விட முடியாது. நீண்ட விடுமுறைக்குப் பிந்திய திங்கட்கிழமைகளில் திருத்துமிடத்துக்கு வரும் வேன்களின் மிதியடி விரிப்பில் கடற்கரை மணல் ஒட்டியிருக்கும். சில்லைக் கழற்றினால் பிரேக் டிரம்மின் உட்புறம் சூட்டில் நீலம் பாய்ந்திருக்கும். உராய்ந்து பிடிக்க வேண்டிய லைனிங் கண்ணாடிபோல வழுவழுத்து, விரலால் தடவினால் எங்கும் பிடிக்காது. கருகிய வாடை இரண்டு நாளுக்குப் போகாது. சாரதியைக் கேட்டால், வரும்போது பெடல் கொஞ்சம் கீழே போனது, இரண்டு தரம் மிதித்ததும் பிடித்துவிட்டது என்பார். இரண்டாம் தரமும் பிடிக்காமல் போனவர்களின் வண்டிகள் எங்களிடம் வருவதில்லை.

இதன் காரணம் மிக எளிதானது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பி, காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே வந்தால் உராய்வினால் வெப்பம் ஏறிக்கொண்டே போகிறது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. புதிதாக ஊற்றும்போது 200 பாகை செல்சியசுக்கு மேல் கொதிக்கும் எண்ணெய், ஈரமேறிய பிறகு 140, 155 பாகையிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவி நிறைந்து, பெடல் பஞ்சுபோலக் கீழே போய்விடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அந்த எண்ணெயை மாற்றுவதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது. ஆனால் எண்ணெய் குறைந்தால் மேலே ஊற்றி நிரப்புவதோடு நிறுத்திக்கொள்ளும் வேன்களே எங்கள் ஊரில் அதிகம். ஏறும்போது எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது பழைய பஸ் சாரதிகள் எங்களுக்குச் சொல்லித் தந்த பாடம். இன்று நண்பர்களில் ஒருவரே வாடகைக்கு எடுத்து ஓட்டும் தானியங்கிக் கியர் கார்களில் அந்தப் பாடம் அடியோடு மறந்துபோய்விட்டது. அவற்றிலும் இறக்கத்துக்கென்று 'எல்' அல்லது 'பி' என்று ஒரு நிலை இருக்கிறது. சமவெளியிலேயே ஓட்டிப் பழகிய பலர் அதைத் தொட்டதுகூட இல்லை. வழக்கமாக ஓட்டும் 'டி' நிலையிலேயே வைத்து, கால் வலிக்க வலிக்க மிதித்துக்கொண்டே ரம்பொடையிலிருந்து இறங்குகிறார்கள்.

எல்லவிலிருந்து வெல்லவாய செல்லும் வீதி முப்பது கிலோமீற்றருக்கும் குறைவான தூரத்தில் ஏறத்தாழ 800 மீற்றர் இறங்குகிறது. அறுகம்பேக்குப் போகும் நம் வேன்கள் பெரும்பாலும் அந்த வழியாகவே மொனராகலையை அடைகின்றன. அதே வீதியில், 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு, எல்லவுக்குச் சுற்றுலா வந்து தங்காலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்களின் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் உயிரிழந்தார்கள். அதற்கு நான்கு மாதம் முன்பு, மே 11ஆம் திகதி அதிகாலை, கொத்மலை கெரண்டி எல்லப் பகுதியில் கதிர்காமத்திலிருந்து வந்த பஸ் கவிழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்லைக் குறுக்குப் பாதையில், கொழும்பிலிருந்து வந்த பாடசாலைச் சுற்றுலாப் பஸ் மோதியதில் வேனிலும் முச்சக்கரவண்டியிலும் இருந்த 7 பேர் இறந்தார்கள். இவற்றுக்குக் காரணம் யார், எது என்று தீர்ப்புச் சொல்வது விசாரணை செய்தவர்களின் வேலை. நான் சுட்டிக்காட்ட விரும்புவது இரண்டு விடயங்களை மட்டுமே. மூன்றும் வெளிச்சமில்லாத அல்லது வெளிச்சம் மங்கிய நேரத்தில் நடந்தவை. ரதல்லையில் இறந்தவர்கள் சுற்றுலாப் போனவர்கள் அல்லர். தம் பாட்டில் வீதியில் போய்க்கொண்டிருந்தவர்கள். சுற்றுலா வாகனம் ஒன்று கட்டுப்பாட்டை இழந்தால் உயிரைக் கொடுப்பவர் எதிரே வரும் நம்மவராகவும் இருக்கக்கூடும்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். வெள்ளி இரவைச் சாரதியின் உறக்கத்துக்கு விட்டுவிட்டு, சனிக்கிழமை அதிகாலை ஐந்து மணிக்குப் புறப்படுங்கள். இறக்கத்தின் பெரும்பகுதி பகல் வெளிச்சத்தில் முடிந்துவிடும். பிற்பகலில் கடற்கரையில் இருப்பீர்கள். திரும்பும்போது ஞாயிறு காலை உணவோடு கிளம்பினால், இருட்டும் முன் மலையேறி வீடு சேரலாம். இப்போது நடப்பது என்னவென்றால், ஞாயிறு மாலை வரை கடலில் குளித்து, ஏழு மணிக்குப் புறப்பட்டு, கினிகத்தேனையிலோ ரம்பொடையிலோ பனிமூட்டம் வீதியை மூடிக்கிடக்கும் நள்ளிரவில் ஏறி, திங்கள் அதிகாலை அதே சாரதி பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றப் போகிறார். அந்தத் திங்கட்கிழமை காலை அந்த வேனில் ஏறும் சிறு பிள்ளைகளின் பெற்றோருக்கு, தம் பிள்ளையை ஏற்றிச் செல்பவர் இரவு முழுதும் உறங்காதவர் என்பது தெரியாது. சுற்றுலாவைப் பற்றிய இந்தக் கடிதத்தில் எனக்கு மிகுந்த கவலையைத் தருவது இதுவே. ஒரு பகல் குறைகிறதே என்பவர்கள் மூன்று நாள் விடுமுறை வரும்வரை காத்திருக்கலாம். போயா மாதந்தோறும் வருகிறது, வெள்ளியிலோ திங்களிலோ வரும் போயாக்களை ஆண்டின் தொடக்கத்திலேயே நாட்காட்டியில் குறித்துவைக்க முடியும். யாழ்ப்பாணம் போன்ற தூரத்துப் பயணத்துக்கு, கண்டியிலிருந்தே 300 கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டியிருப்பதால், இரண்டு சாரதிகள் இல்லாமல் புறப்படவே கூடாது. அல்லது வேனை விட்டுவிட்டு, ரயிலிலோ பஸ்ஸிலோ போய், அங்கே உள்ளூர் வாகனத்தை ஒரு நாளைக்குப் பிடித்துக்கொள்வது செலவும் குறைவு, பாடும் குறைவு.

கடலைப் பற்றியும் சில வார்த்தைகள் எழுத வேண்டும். நம் பிள்ளைகள் பீலித் தண்ணீரிலும் ஆற்று மடுவிலும் குளித்து வளர்ந்தவர்கள். மலையகத்தில் நீச்சல் தடாகமுள்ள தமிழ்ப் பாடசாலையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். எனவே நீந்தத் தெரியாதவர்களே குழுவில் பெரும்பான்மை என்ற எண்ணத்தோடு திட்டமிட வேண்டும். அதோடு, நம் விடுமுறைக் காலமும் கடலின் காலமும் ஒத்துப்போவதில்லை. கொழும்பில் வேலை செய்யும் இளைஞர்கள் தீபாவளிக்கும் டிசம்பர் விடுமுறைக்கும் தைப்பொங்கலுக்கும் வீடு வந்து, அந்த நாட்களிலேயே திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் புறப்படுகிறார்கள். வடகீழ்ப் பருவக்காற்றில் கிழக்குக் கடல் கொந்தளிப்பதும் அந்த மாதங்களில்தான். கிழக்குக் கரை அமைதியாக இருப்பது பெரும்பாலும் மே முதல் செப்டெம்பர் வரை. அப்போது தென்மேல் பருவமழை மலையின் மேற்குச் சரிவில் கொட்டுவதால், மண்சரிவும் பனிமூட்டமும் நம் பக்கத்து வீதியில் காத்திருக்கும். டிசம்பர், ஜனவரியில் கடலுக்குப் போக விரும்புபவர்கள் உனவட்டுன, மிரிஸ்ஸ போன்ற தெற்குக் கரையைத் தெரிவு செய்வதே அறிவுடைமை. எந்த மாதமானாலும் பயணத்தின் ஏதோ ஒரு முனையில் மழை இருக்கும் என்பதை மறக்கலாகாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நம் மலைகளையும் வீதிகளையும் என்ன பாடு படுத்தியது என்பதை நான் எழுதித் தெரிய வேண்டியதில்லை.

கரையிலிருந்து கடலுக்குள் இழுத்துச் செல்லும் நீரோட்டத்தில் அகப்பட்டவர், கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துத்தான் மூழ்குகிறார். அந்த ஓட்டம் குறுகிய ஒரு தடத்தில் மட்டுமே ஓடுவது. பதற்றப்படாமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்தால் அதிலிருந்து வெளியேறலாம். ஒருவர் தத்தளிப்பதைக் கண்டு நண்பர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பாய்வதால்தான் ஒரே குழுவில் இரண்டு மூன்று உயிர்கள் போகின்றன. பாய்வதற்குப் பதில் மிதக்கும் பொருளை எறியுங்கள். எல்லா வேனிலும் ஐந்து லீற்றர்த் தண்ணீர்க் கலன் ஒன்று இருக்கும். அதில் கால்வாசிக்கும் குறைவாகத் தண்ணீரை விட்டு மூடியை இறுக்கினால் எறிவதற்கு எடையும் இருக்கும், பிடித்து மிதக்கவும் உதவும். சிவப்புக் கொடி பறக்கும் இடத்தில் முழங்கால் அளவுக்கும் இறங்க வேண்டாம். பொலிஸ் உயிர்காப்புப் பிரிவினர் கடமையில் இருக்கும் பகுதியிலேயே, அவர்கள் இருக்கும் நேரத்திலேயே குளியுங்கள். மது அருந்தியவர் கரையிலேயே இருக்கட்டும்.

தீவுகளுக்குப் போகும் படகு விடயத்தில் நான் அதிகம் எழுதப் போவதில்லை. நிலாவெளிக் கரையிலிருந்து புறாத்தீவு ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர்தான். 2003 முதல் தேசிய பூங்காவாக உள்ள அந்தத் தீவைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளை மிதிக்காமலும் உடைக்காமலும் பார்த்துவர வேண்டும். குறிகட்டுவானிலிருந்து நயினாதீவு கால் மணிநேரப் பயணம், நெடுந்தீவு ஒரு மணிநேரம். தூரம் குறைவு என்பதால் உயிர்காப்பு அங்கியை அணியாமல் மடியில் வைத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கிறோம். கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் 2021 நவம்பரில் பாடசாலைப் பிள்ளைகளோடு கவிழ்ந்த 'படகுப்பாதை' என்னும் மிதவைப் படகு கடந்துகொண்டிருந்தது வெறும் களப்பைத்தான். படகில் ஏற்ற வேண்டிய அளவுக்கு மேல் ஆட்கள் ஏறிவிட்டார்கள் என்று கண்டால், அடுத்த படகுக்குக் காத்திருக்கலாம். நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பிந்திவிட்டோமே என்ற அவசரத்தில்தான் நிறைந்து வழியும் படகில் ஏறுகிறார்கள்.

பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். போகாதே என்று மறித்தால் பிள்ளை சொல்லாமல் போவான். சொல்லாமல் போகும் பயணம் இரவில்தான் புறப்படும். அதைவிட, யார் ஓட்டுகிறார், நேற்று இரவு அவர் உறங்கினாரா, எங்கே தங்குகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புகிறீர்கள் என்று கேட்டு, சாரதியின் தொலைபேசி இலக்கத்தை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்புங்கள். மகளுக்கும் இதே கேள்விகள் போதும். வேன் உரிமையாளர்களும் வெள்ளி பகல் முழுவதும் ஓடிய சாரதியை அன்றிரவே தூரப் பயணத்துக்கு அனுப்புவதில்லை என்று தமக்குள் ஓர் உடன்பாட்டுக்கு வர வேண்டும். எங்கள் நகரங்களில் வேன் சங்கங்கள் இருக்கின்றன. தரிப்பிடத்தில் வரிசை முறை வகுக்க முடிந்த சங்கங்களுக்கு, இதையும் வகுக்க முடியும்.

பொறுப்பிலுள்ளவர்களிடமும் கேட்க வேண்டியது உண்டு. வீதி அபிவிருத்தி அதிகார சபை, நீண்ட இறக்கங்களின் நடுவே வாகனங்களை நிறுத்தி பிரேக்கை ஆறவிடுவதற்கு வெளிச்சமும் மலசலகூடமும் உள்ள தரிப்பிடங்களை அமைக்க வேண்டும். இப்போது பல இடங்களில் வண்டியை ஓரங்கட்டவே வழியில்லை. குறைந்த கியரில் இறங்குமாறு எச்சரிக்கும் பலகைகளும், கடற்கரைகளில் நீரோட்டம் பற்றிய அறிவித்தல்களும் மூன்று மொழிகளிலும் தெளிவாக இருக்க வேண்டும். மத்திய மாகாணத்திலும் ஊவாவிலும் உள்ள கல்வி அதிகாரிகள், ஒரு வலயத்துக்கு ஒரு நீச்சல் தடாகமாவது கிடைக்க வழி பார்க்க வேண்டும்.

இறுதியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள், ஐயா. ஒவ்வொரு வெள்ளிக்கிழமைப் பதிப்பிலும் ஒரு சிறு கட்டச் செய்தியைத் தாங்கள் வெளியிட முடியுமானால் பெரும் உதவியாக இருக்கும். கடல் நிலை பற்றி வளிமண்டலவியல் திணைக்களம் அறிவிப்பது, மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்பட்ட பிரதேச செயலகப் பிரிவுகளைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அறிவிப்பது, அந்த வாரம் மூடப்பட்டுள்ள அல்லது ஒருவழியாக்கப்பட்டுள்ள மலைவீதிகள் ஆகியவற்றோடு, அம்புலன்ஸ் சேவைக்கு 1990, பொலிசுக்கு 119, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 என்ற இலக்கங்களும் அதில் இருந்தால் போதும். இந்தத் தகவல்கள் தனித்தனியே வெளிவந்துகொண்டுதான் இருக்கின்றன, ஆயினும் வேனைப் பிடிக்கும் இளைஞர் குழு அவற்றை நாலு இடத்தில் தேடிப் படிப்பதில்லை. வெள்ளி காலையில் கடையில் தேநீர் குடிக்கும்போது ஒரே இடத்தில் கண்ணில் பட்டால் படிப்பார்கள், படம் பிடித்து நண்பர்களுக்கும் அனுப்புவார்கள். எதிர்வரும் நீண்ட விடுமுறைக்கு முந்திய வெள்ளிக்கிழமையிலிருந்தே தொடங்க முடிந்தால் நன்று.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்,
கொட்டகலை